கோச்சை மாற்றினீர்கள், சரி. நீங்கள் எப்போது பதில் சொல்வீர்கள்?

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் கடலூரிலிருந்து வணக்கம்.

2025 நவம்பர் 18 அன்று இரவு, மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்து, டாக்காவில் இந்தியா வங்கதேசத்தோடு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தோம். இருந்தது ஒரே ஒரு செல்போன். அதைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வங்கதேசம் கோல் போட்டுவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, நம்ம பசங்க போட்டுருவாங்க" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். ஆனால் அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் ஒரே காட்சிதான். பந்து ஓரத்துக்குப் போகும். அங்கிருந்து பாக்ஸுக்குள் தூக்கிப் போடுவார்கள். உள்ளே தலை கொடுக்க ஆள் இருக்காது. திரும்பவும் பின்னாலிருந்து முதல் பாஸ். கடைசி விசில் ஊதியபோது போனை யாரும் எடுக்கவில்லை, விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது.

வங்கதேசத்திடம் அதற்கு முன் நாம் தோற்றது 2003இல். 22 வருஷம். என்னோடு பெஞ்சில் இருந்த பையன்கள் யாரும் அப்போது பிறக்கவே இல்லை.

இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தாலும் ஒரு பயனும் இல்லை. 2027 ஆசியக் கோப்பைக் கதவு அக்டோபர் 14 அன்றே கோவாவில் சாத்தப்பட்டுவிட்டது. நம் மண்ணில், நம் வீரர் சாங்தே கோல் அடித்து முன்னிலையில் இருந்த ஆட்டத்தை, சிங்கப்பூரிடம் 1-2 என்று கொடுத்துவிட்டு வந்தோம். கடலூர் மாவட்டத்தையும் பழைய விழுப்புரம் மாவட்டத்தையும் சேர்த்தால், 2011 கணக்கெடுப்பின்படி, 60 லட்சம் பேர் வருகிறோம். சிங்கப்பூர் நாடு மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அவர்கள் ஆசியக் கோப்பைக்குப் போகிறார்கள். நாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.

தோல்வி எங்களுக்குப் புதிதில்லை. இந்தியக் கால்பந்தை நேசிக்கிறவனுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியும். தாங்க முடியாதது ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நீங்கள் செய்வதுதான்: ஒரு கோச்சை அனுப்புவீர்கள், இன்னொருவரைக் கொண்டுவருவீர்கள், அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முன்னாள் கோச் ஸ்டிமாச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம். கடலூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போயிருந்தேன். குவைத்தோடு 1-1, அப்புறம் பெனால்டி. கடைசி உதையை நம் கோல்கீப்பர் குர்பிரீத் பாய்ந்து தட்டிவிட்டபோது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த மாதம் உலகத் தரவரிசையில் நாம் 99. அந்த வெளிச்சத்தில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தீர்கள். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில், கேப்டன் சேத்ரியின் 150ஆவது ஆட்டத்தில், ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் தோஹாவில் கத்தாரிடம் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே வந்தோம். மைதானத்தை விட்டு வெளியே போன பந்தை உள்ளே இழுத்து அடித்ததைக் கோல் என்று கொடுத்தார்கள், அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த நிலைக்கு வந்து நின்றது நம் தவறு. ஸ்டிமாச்சை நீக்கினீர்கள். அப்புறம் இழப்பீடாக 4 லட்சம் டாலர் கொடுத்துப் பிரச்சினையை முடித்தீர்கள். நீட்டித்தவர்களும் நீங்கள், நீக்கியவர்களும் நீங்கள், பணம் கட்டியவர்களும் நீங்கள். அந்த முடிவுகளுக்காக உங்களில் ஒருவராவது நாற்காலியை விட்டு எழுந்தீர்களா?

அடுத்து மனோலோ மார்க்கஸ். நல்ல கோச், இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) அவர் வளர்த்த பையன்களே அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு நாட்டின் அணியையும் ஓர் ஐஎஸ்எல் அணியையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் பார்க்கலாம் என்று முடிவெடுத்தது யார்? கல்யாண வீட்டில் ஒரே சமையல்காரரை இரண்டு பந்திக்கு ஓடவிட்டால் இரண்டிலும் குழம்பு அடிப்பிடிக்கும். 8 ஆட்டம், 1 வெற்றி. 2024ஆம் ஆண்டு முழுக்க இந்திய அணி ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கோல் அடிக்க ஆளில்லாமல், ஓய்வுபெற்றுப் போன 40 வயது சேத்ரியைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. அவர் வந்தார், மாலத்தீவுக்கு எதிராக அடிக்கவும் செய்தார். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது காலித் ஜமீல். 13 வருஷம் கழித்து ஓர் இந்தியர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். வந்தவுடன் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தார், ஓமனைப் பெனால்டியில் சாய்த்து மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தார். அப்போது கைதட்டினோம். டாக்காவுக்குப் பிறகு தரவரிசை 142க்குப் போனது. அவரிடமும் எனக்குக் கேள்விகள் உண்டு. கோவாவில் முன்னிலை கிடைத்த பிறகு நடுக்களத்தை ஏன் அப்படித் திறந்துவிட்டார்? ஒரு கோல் பின்தங்கினால் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி ஏன் அணிக்குத் தெரியவில்லை? ஆனால் அவரையும் அனுப்பிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஆகஸ்ட்டில் முகாம் தொடங்கியபோது கிளப்புகள் எல்லா ஆட்டக்காரர்களையும் விடவில்லை. லீக் எப்போது தொடங்கும் என்று தெரியாமல், மாதக்கணக்கில் போட்டியே ஆடாத கால்களை வைத்துக்கொண்டு அவர் எந்த மந்திரத்தைப் போடுவார்?

லீக் விஷயம்தான் வயிற்றெரிச்சல். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து 2010இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்று கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே தெரியும். வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே நாங்கள் வேறு வீடு தேட ஆரம்பிப்போம். நீங்கள் 15 வருஷம் இருந்தும் தேடவில்லை. ஜூலையில் ஐஎஸ்எல்லை நிறுத்தி வைத்தார்கள். டெண்டர் விட்டபோது ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை.

இந்திய அணியின் பழைய கோச் ரஹீம் சாப் காலத்தை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். பத்து வருஷத்துக்கு மேல் அவர் கையில் அணி இருந்தது. உங்களிடம் ஒரு கோச் பத்து மாதம் நிம்மதியாக வேலை செய்ய முடிகிறதா?

எங்கள் ஊரையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆறு மணிக்கு என்னிடம் கால்பந்து பழக 23 பிள்ளைகள் வருகிறார்கள், அதில் 9 பெண்கள். மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள்தான் கோன். தேவனாம்பட்டினத்துப் பையன்கள் மூன்று பேர் அப்பாவின் வலையைக் கரையில் உதறிக் கொடுத்துவிட்டு ஓடிவருவார்கள், கையில் மீன் செதில் ஒட்டியிருக்கும். மணலில் ஆடிப் பழகிய கால்கள், பந்து ஒட்டிக்கொண்டு போகும். போன வருஷம் முழுக்க இந்தப் பிள்ளைகள் ஆடிய முறையான போட்டி ஆட்டங்கள் ஒன்பது. மழைக்காலத்தில் ஒன்றுமே இல்லை. பதினைந்து வயதில் நிறைய ஆட்டம் ஆட வேண்டியவன் ஒன்பது ஆடினால், இருபத்தைந்து வயதில் டாக்காவில் போய் என்ன செய்வான்?

இதே மாவட்டத்திலிருந்துதான் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடப் போனார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்துக்கொண்டு ஆடினார். அவரும் மற்றப் பெண்களும் ஆடிய தமிழ்நாடு அணி 2018இல் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தேசியப் பட்டத்தை எடுத்து வந்தது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆண்களால் முடியாததை, அவர்களுக்கு இருப்பதில் ஒரு பங்கு வசதிகூட இல்லாமல் செய்தார்கள். என்னிடம் வரும் ஒன்பது பெண்களுக்கும் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜமீலுக்குக் கொடுத்த ஒப்பந்தக் காலத்தை அவருக்கே விடுங்கள். முகாமுக்கு எத்தனை நாள், யாரை விடுவது என்பதைக் கிளப்புகளோடு சீசன் தொடங்கும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். பதின்மூன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாவட்டந்தோறும் வருஷம் முழுக்க லீக் நடத்துங்கள். ஒரு கோச்சை எதற்காக எடுத்தீர்கள், எதற்காக நீட்டித்தீர்கள், எதற்காக அனுப்பினீர்கள் என்பதை உங்கள் பெயரோடும் கையெழுத்தோடும் வெளியிடுங்கள். தோற்ற மறுநாள் பத்திரிகையாளர் முன் கோச்சை மட்டும் உட்கார வைக்காதீர்கள். பக்கத்து நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள்.

டாக்கா ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். 23 பேரும் வந்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, நம்ம டீம் ஏன் உள்ள பாஸ் பண்ணவே இல்ல?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். மீதிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்