கண் திறக்காதவரோடு கதைத்தவர்களுக்கு

எங்கள் மாவட்ட வைத்தியசாலையின் ஐ.சி.யூ. தாதிய மிஸ்மாருக்கும், தாதியத் தம்பிமாருக்கும், சிற்றூழியர் அக்காமார், அண்ணாமாருக்கும்,

அண்ணர் வீட்டில் இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார். ஒருவர் தோளும் பிடியாமல் கிணற்றடிக்குப் போய் வருகிறார். நடந்தது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எட்டடி விரியன் பாம்பு கடித்தது என்றால் வன்னியில் மிச்சத்தை விளங்கிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டின அன்று வாசலில் நின்று சொல்ல வராத நன்றியை இதில் எழுதுகிறோம்.

எங்கள் குடும்பத்திலும் தாதியத் தொழிலில் இருப்பவர்கள் உண்டு. ஆகவே நீங்கள் செய்த வேலை எது, அதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

புடையன் பாம்பு கடித்தால் கால் வீங்கும், இரத்தம் உறையாது, சிறுநீர் குறையும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து அது. எட்டடி விரியன் அப்படியல்ல. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை இரவில் கடிக்கும், பல் பட்ட இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயிற்றுக்குத்து, சத்தி என்று எழும்புவார், வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார்கள். பிறகு இமை விழும், பார்ப்பது இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடுகிற தசையும் நின்றுவிடும். நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் ஓடுகிற நஞ்சைப் பிடிக்கும். நரம்பு தசையைத் தொடுகிற முனையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை அதனால் மாற்ற முடியாது. அந்த முனை திரும்ப வளர நாள்கள் எடுக்கும், சிலருக்குக் கிழமைகளும் ஆகும். அதுவரை மிசின் மூச்சைக் கொடுக்கும். மிச்சம் எல்லாவற்றையும் ஒரு மனிதர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். டொக்டர்மாரின் தீர்மானங்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அந்த நாள்களை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கடத்தித் தந்தது நீங்கள்.

முதல் இரவில் நஞ்சுமுறியைக் கரைத்த மிஸ்மாரை நினைக்கிறோம். இந்தியாவிலிருந்து வருகிற அந்த மருந்து தூளாக இருக்கும். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லிலீற்றர் நீர் விட்டு, உள்ளங்கைக்குள் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துப் போகும், பிறகு ஊசியில் எடுக்க முடியாது. பத்துக் குப்பியை இப்படிக் கரைத்துச் சேலைனில் சேர்ப்பதற்குள், வாசலில் நிற்கிற சொந்தக்காரர் "இன்னும் ஊசி போடவில்லையோ" என்று சத்தம் போடத் தொடங்கிவிடுவார்கள். மருந்து ஏறத் தொடங்கிய பிறகும் அசைய முடியாது. ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வரும். முதலில் அரிப்பு, தடிப்பு, பிறகு மூச்சிழுப்பு, இரத்த அழுத்தம் இறங்குதல். அட்ரினலின் ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மிஸ் கட்டிலடியிலேயே நின்றார்.

மூச்சு குறையப் போவதை முதலில் கண்டுபிடித்ததும் ஒரு தாதியத் தம்பிதான். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். எத்தனை வரை எண்ணினார் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தார். விரலில் மாட்டுகிற ஒட்சிசன் கருவி நல்ல இலக்கத்தைக் காட்டிக்கொண்டு இருக்கும்போதே இந்த எண்ணிக்கை இறங்கும். கருவியை மட்டும் நம்பி இருந்தால் மிசினுக்காகத் தொண்டையில் குழாய் போட நேரம் பிந்தியிருக்கும்.

இவை எல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் வேறொருவர். மருந்துப் பக்கமே வராதவர். துடைக்கவும், கழுவவும், திருப்பிப் படுக்க வைக்கவும் வந்த சிற்றூழியர் அக்கா.

மிசினில் இருந்த அண்ணரின் இமை மூடி, கை கால் ஒன்றும் அசையாமல் இருந்தது. கண்மணி விரிந்து போய் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. இந்தக் கடியில் அப்படி வரும், ஏனென்றால் கண்ணின் தசைகளும் சேர்ந்து சோர்ந்துவிடுகின்றன. தெரியாதவர் பார்த்தால் மூளை செத்துவிட்டது என்றுதான் நினைப்பார். எங்கள் ஆக்களிலும் சிலர் கட்டிலடியில் நின்று அப்படியே கதைத்தார்கள். ஆனால் இந்த நிலையில் உள்ள பலருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், தோல் உணரும். ஊசி குத்துவது நோகும், ஈரத்துணி குளிரும். நோகுது என்று சொல்ல மட்டும் ஒரு தசையும் மிச்சமில்லை. மயக்க மருந்து கொடுத்திருந்தாலும் அது குறைகிற நேரங்களில் ஆள் உள்ளே விழித்திருப்பார். நாடி திடீரென்று கூடுவதும் கண்ணோரம் நீர் வழிவதும்தான் வெளியே தெரிகிற அடையாளம்.

அந்த அக்கா இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்க வாய்ப்பில்லை. வேலையில் நின்று கண்டு பிடித்திருக்கிறார். எங்களிடம் கேட்டது மூன்றே கேள்வி. வீட்டில் அவரை என்னவென்று கூப்பிடுவீர்கள்? பிள்ளைகளின் பேர் என்ன? வயல் எந்தக் குளத்துக்குக் கீழே? கேட்ட மறுமொழியை ஒரு துண்டுப் பிளாஸ்டரில் எழுதிக் கட்டில் தலைப்பில் ஒட்டினார், அடுத்த ஷிப்டில் வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று.

அதன் பிறகு ஒரு தடவைகூட அவர் சொல்லாமல் தொட்டதில்லை. "அண்ணை, நான்தான். முகம் துடைக்கப் போறன், குளிரும்." "இப்ப உங்களை வலப்பக்கம் திருப்பப் போறம், பயப்பிடாதேங்கோ, ரியூப்பை மிஸ் பிடிச்சிருக்கிறா." "இப்ப விடியப்புறம் நாலு மணி. வெளியில மழை." "இரணைமடுக் குளத்தில கதவு திறந்திட்டினமாம். இந்தப் போகத்துக்கு உங்களுக்குத் தண்ணிப் பஞ்சம் இல்லை." மாரி மழைக்கு நடுவில் கிடக்கிற கமக்காரனுக்கு இதைவிட வேறு என்ன செய்தி வேண்டும்!

ஐ.சி.யூ.வுக்குள் இரவும் பகலும் ஒரே விளக்கு, ஒரே மிசின் சத்தம். நேரம், நாள், இடம் ஒன்றும் தெரியாமல் கிடப்பவருக்கு மனம் குழம்பும், இல்லாதது தோன்றும். பெயரைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, செய்யப் போவதை முன்கூட்டியே சொல்வது அந்தக் குழப்பத்தைக் குறைக்கும் என்று தாதியப் பயிற்சியில் படிப்பிக்கிறார்கள். படித்தவர்களாலும் வேலை நெருக்கத்தில் அதைச் செய்ய முடியாமல் போவதுண்டு. அக்காவைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். கண்ணுக்கு மருந்து விடுகிற மிஸ், முதலில் தலைக்கு மேலே இருந்த விளக்கை அணைப்பார். விரிந்த கண்மணிக்கு அந்த வெளிச்சம் கூசும். பிறகு கழுவிய விரலால் இமையை மெல்ல உயர்த்தி, தன் முகத்தை அவருக்கு நேரே கொண்டுபோய், "இன்றைக்கு நான் டியூட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் மருந்து விடுவார். திரும்ப இமையை மூடிப் பிளாஸ்டர் ஒட்டுவார். மூட மறந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகும், உயிர் தப்பியவர் பார்வை கெட்டு வீடு வருவார்.

கால் பெருவிரல் அசைந்ததையும் முதலில் கண்டது அக்காதான். "ஓம் எண்டால் ஒருக்கா, இல்லை எண்டால் ரெண்டுதரம்" என்று அவரே பழக்கினார். நோகுதா, சளி எடுக்கவா, திருப்பவா என்று கேட்டு மறுமொழி வாங்கத் தொடங்கினார்கள். குழாய் எடுத்து, குரல் கரகரத்து வந்ததும், அண்ணர் எங்களிடம் விசாரித்தது இரணைமடுக் கதவை இன்னும் பூட்டவில்லையா என்றுதான். நாங்கள் யாரும் அதை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அக்கா, உங்கள் பெயரை இங்கே போட எங்களுக்கு உரிமை இல்லை. வாசிப்பவர்களில் உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ஆள் யார் என்று விளங்கும்.

திருப்பிப் படுக்க வைப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் உள்ளவர்கள் அதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. எலும்பு துருத்துகிற இடத்தில் உடல் பாரம் ஒரே பக்கமாக இருந்தால் அங்கே இரத்தம் ஓடாது. பிட்டி எலும்பு, இடுப்பு, குதிகால், காது மடல், பின்தலை எல்லாம் ஆபத்தான இடங்கள். அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரமாவது திருப்ப வேண்டும். மிசினில் உள்ளவர் என்றால் தலைமாட்டில் ஒரு மிஸ் நின்று தலையையும் குழாயையும் சேர்த்துப் பிடிப்பார். இரண்டு பக்கமும் சிற்றூழியர் நின்று, தோளிலிருந்து தொடை வரை கீழே விரித்த குறுக்குத் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடிப்பார்கள். தலைமாட்டில் நிற்பவர் எண்ணிய பிறகுதான் எல்லோரும் ஒன்றாகத் தூக்குவார்கள். உடம்பை இழுத்தால் தோல் உரியும். முழுப் பக்கவாட்டில் வைத்தால் பாரம் இடுப்பெலும்பில் இறங்கும், ஆகவே முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சரிவில்தான் வைக்க வேண்டும். குதிகால் கட்டிலில் படாமல் கெண்டைக்குக் கீழே தலையணை. கடைசியாக, பல்லடியில் குழாய் எத்தனை சென்ரிமீற்றரில் நிற்கிறது என்று பார்த்து, முன்பு எழுதியதோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் நழுவி உள்ளே போனால் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றுப் போகும். சிவந்த இடத்தை விரலால் அமத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அண்ணர் ஒரு புண்ணும் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். போரில் முதுகுத்தண்டில் செல் (எறிகணை) துண்டு பட்டுப் படுக்கையில் இருப்பவர்களை வைத்துப் பார்க்கிற வீடுகள் வன்னியில் நிறைய. அந்த வீட்டுக்காரருக்கு இந்த ஒரு வரியின் பாரம் தெரியும்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பிரதேச வைத்தியசாலையில் இருந்து வந்த அம்புலன்ஸில் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் என்று கணக்கு விடாமல் பையை அமத்திக்கொண்டு வந்த தம்பி. புறப்பட முன்னம் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து, "இது காணாது" என்று நிறைந்த ஒன்றை மாற்றிய ஓவசியர் ஐயா. ஏறத்தாழ 680 லீற்றர் பிடிக்கிற சிறிய சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் போனால் ஒரு மணித்தியாலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். அது பாதி என்றால் வழியில் முடிந்துவிடும். ஆய்வுகூடத்தார், உடற்பயிற்சி கொடுத்த மிஸ், சலவைப் பகுதியார், சமையல் பகுதியார், வாசலில் நின்று எங்களை அதட்டாமல் வெளியே அனுப்பிய காவலாளி, சாப்பாடு கொண்டுவந்து தந்த முகம் தெரியாத வீட்டார், முதலில் ஏற்றிக்கொண்டு ஓடிய முச்சக்கரவண்டித் தம்பி.

எழுதும்போது 2009 போர்க்காலம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் செல் விழுந்தபோதும், பிறகு புதுமாத்தளன் பள்ளிக்கூடத்திலும் முள்ளிவாய்க்காலிலும், மரக்கிளையில் சேலைனைக் கட்டித் தொங்கவிட்டு வேலை செய்தவர்கள் தாதியரும் தொண்டர்களும் சிற்றூழியரும்தான். வேலையில் இறந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி மடல் எழுத அன்று ஒருவருக்கும் கை இருக்கவில்லை. இதைக் காண்கிற யாராவது அன்று அங்கே நின்றவர் என்றால், இந்த மடல் உங்களுக்கும்தான்.

எங்கள் ஊரில் கூடிக் கதைத்துச் சில காரியங்களை முடிவு செய்திருக்கிறோம். மாரி முடியும்வரை ஒருவரும் வெறும் நிலத்தில் படுப்பதில்லை. கட்டில் இல்லாத வீட்டில் நுளம்பு வலை கட்டி, நாலு பக்கமும் பாய்க்குக் கீழே செருக வேண்டும். இரவில் காரணம் தெரியாத வயிற்றுக்குத்தும் சத்தியும் வந்தால், கடி அடையாளம் இல்லாவிட்டாலும் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும். கயிறு இறுக்குவதோ, கீறுவதோ, விடியட்டும் என்று பார்ப்பதோ இல்லை. எச்சில் விழுங்க முடியாதவருக்கு ஒரு வாய் தண்ணியும் கொடுக்காமல் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்துப் பையில் கொண்டுபோகவும் வேண்டாம், தூர நின்று எடுத்த படம் போதும். ஐ.சி.யூ. வாசலில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். சிற்றூழியரை "ஏய்" என்று கூப்பிடுகிற பழக்கம் எங்கள் ஆக்களிடம் இருக்கிறது. அது இனி எங்கள் ஊரவர் வாயில் வராது. உள்ளே போகிறவர் நோயாளியோடு கதைக்க வேண்டும், நோயாளிக்கு மேலால் கதைக்கக் கூடாது.

குறுக்குத் துணி உங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு என்று தெரியும். ஊர்ப் பெண்கள் பருத்தித் துணி வாங்கித் தைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நடுவில் மூட்டுத் தையல் வந்தால் முதுகில் அழுத்தும் என்பதால் ஒரே துண்டாக வெட்டி, ஓரத்தில் மட்டும் தட்டையாக மடித்துத் தைக்கிறோம். கொதிநீரில் அவித்தால் சுருங்கும் என்று கொஞ்சம் கூட விட்டிருக்கிறோம். உங்கள் கட்டிலுக்கு எந்த அகலம் சரி என்று விடுதிப் பொறுப்பு மிஸ் சொல்லிவிட்டால், மிச்சத்தை அந்த அளவில் வெட்டுவோம்.

இப்படிக்கு,
அண்ணரின் வீட்டாரும் அயலவரும்