இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்

மேரிலாந்து,
17 பிப்ரவரி 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அவரும் நலம். வெளியே முழங்கால் அளவு பனி. சென்ற வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. "உங்கள் பெண் விஷக்கிருமியோடு மல்லுக்கட்டுகிறாளாமே என்று ஊரில் கேட்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும்?" என்றீர்கள். போனில் விளக்க ஆரம்பித்தால் நடுவிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிருமியை ஆராய்கிறவள் இல்லை. ஆராய்கிறவர்கள் காலையில் போனபடியே மாலையில் வெளியே வர வேண்டும். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குத்தான் இந்த இரண்டு ஆண்டுப் பயிற்சி, உதவித்தொகையோடு. கோழிஞ்சாம்பாறையில் யாராவது கேட்டால் சோதனைச்சாவடி உத்தியோகம் என்று சொல்லிவிடுங்கள். பொய் ஆகாது.

2014 கடைசியில் நம் கேரளத்தில் குட்டநாட்டு வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்து, தமிழ்நாட்டுக்குள் போகிற வண்டிகளுக்கெல்லாம் எல்லையில் மருந்து அடித்தார்களே, நினைவிருக்கிறதா? பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போனோம். நானும் டெம்போவில் இருந்தேன். அந்தப் பையன் நான்கு டயருக்கும் அடித்துவிட்டுப் போகலாம் என்று கை காட்டினான். நீங்கள் சக்கரம் அரைச் சுற்று உருளும்படி வண்டியை நகர்த்தி நிறுத்தி, "தரையில் பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு யார் அடிப்பது?" என்று கேட்டீர்கள். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. எனக்கு மானம் போனது. இங்கே நேர்முகத் தேர்வில் இந்தத் துறைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டபோது அந்தக் கதையைத்தான் சொன்னேன். எதிரே இருந்த மூவரில் ஒருவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஆய்வுக்கூடங்களின் பாதுகாப்பில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை, கல்லூரியில் நான் படித்த கூடம் போன்றது. எபோலா, நிபா போன்ற கொடிய கிருமிகளுக்கு நான்காம் நிலை. அங்கே உடல் முழுவதையும் மூடிய, காற்று ஊதிய உடையோடு போக வேண்டும். கூரையிலிருந்து தொங்கும் சுருள் குழாயை உடையில் மாட்டினால்தான் மூச்சு. உள்ளே காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வெளியே வரும்போது உடையோடு ஒரு மருந்துக் குளியல், அதைக் கழற்றிய பிறகு சோப்புப் போட்டு ஒரு குளியல். பயப்படாதீர்கள், நான் இதுவரை கிருமியே இல்லாத பயிற்சி அறையில்தான் அந்த உடையை மாட்டியிருக்கிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காற்றுதான். ஆடி மாதம் நம் வீட்டு மேற்கு வாசலைத் திறந்தால் காலண்டர் சுவரில் அடித்துக்கொள்ளுமே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று! அதையே இங்கே ஒவ்வொரு கதவிலும் கட்டிவைத்திருக்கிறார்கள். வெளி அறையைவிட உள் அறையில் காற்றழுத்தம் குறைவு, அதற்கும் உள்ளே இன்னும் குறைவு. கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. உள்ளே போனது வடிகட்டி வழியாகத்தான் வெளியேறும். எளிதில் பிடிபடாத 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். கதவிடுக்கில் ஒரு சிறு குழாயால் வெண்புகை விட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதும் என் வேலை. மருத்துவர்களோடு இருப்பேன் என்று நினைத்துத்தான் வந்தேன். பாதி நாள் ஏசி மெக்கானிக்குகளோடும் குழாய் வேலைக்காரர்களோடும் போகிறது. அவர்களிடம் கற்றுக்கொள்வதுதான் அதிகம்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். பாட்டி முகத்தில் இருக்கிற தழும்பு எந்த அம்மையால் வந்ததோ, அந்தப் பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலகத்துக்கே அறிவித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் இங்கிலாந்தில், பர்மிங்காமில், ஜேனட் பார்க்கர் என்ற மருத்துவப் புகைப்படக்காரர் அதே நோயால் இறந்தார். அவர் வேலை பார்த்த கட்டிடத்திலேயே பெரியம்மை ஆய்வுக்கூடம் இருந்தது. பிறகு அந்தக் கிருமியை வைத்திருக்க உலகில் இரண்டே இடங்களுக்கு அனுமதி: அட்லாண்டாவில் ஒன்று, ரஷ்யாவில் ஒன்று. 2014 ஜூலையில் இதே மேரிலாந்தில், பெதஸ்டாவில், ஓர் ஆய்வுக்கூடத்தை இடம் மாற்றச் சாமான் கட்டும்போது குளிர் அறையில் ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே பெரியம்மை என்று எழுதிய ஆறு குப்பிகள், 1950-களைச் சேர்ந்தவை. சோதித்தபோது இரண்டில் கிருமி உயிரோடு இருந்தது. அறுபது ஆண்டாக அது அங்கே இருப்பது யாருக்கும் நினைவில்லை. பரணில் என்ன இருக்கிறது என்று பொங்கலுக்குப் பொங்கல் இறக்கிப் பார்க்கிற அம்மாவை அங்கே வேலைக்கு வைத்திருக்கலாம்.

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். சென்ற மாதம் ஒரு பயிற்சி. கிருமிக்குப் பதில் ஒளிரும் சாயம் கலந்த தண்ணீர். வேலையை முடித்து, வெளிக் கையுறை, மேலங்கி, முகமூடி, உள் கையுறை என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன். விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் பிடித்தார்கள். கைகள் சுத்தம், கழுத்து சுத்தம். மூக்கின் ஓரத்தில் மட்டும் கடுகளவு பச்சையாக ஒளிர்ந்தது. உள்ளே எந்த நகையும் கூடாது என்பதால் மூக்குத்தியைக் கழற்றி வைத்திருந்தேன். முகமூடியை எடுத்ததும் விரல் தானாகவே அந்த வெற்றிடத்தைத் தடவியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

பயிற்சியாளர் திட்டவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை நீயே எழுது என்றார். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில் உடன் இருந்த அக்காவுக்கு உடைந்த சோதனைக்குழாய் விரலில் கிழித்தது. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கே தவறு செய்தால் அரை மணி நேரம் பேசுகிறார்கள். மறைத்தால் வேலை போகும்.

தேன்மொழி எம்.எஸ்சி. முடித்ததும் இதற்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாள். பெதஸ்டாவில் உள்ள இந்தப் பயிற்சிக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எனக்கு அவரால் கிடைத்தது. அட்லாண்டாவில் 2015-இல் தொடங்கிய இன்னொரு பயிற்சிக்கு முனைவர் பட்டம் வேண்டும். அவளை முதலில் புனே பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 2012-லிருந்தே நான்காம் நிலைக் கூடம் இருக்கிறது. போன ஆண்டு கோழிக்கோட்டுப் பக்கம் பேராம்பிரா நோயாளியிடம் எடுத்த மாதிரியை முதலில் மணிப்பாலில் சோதித்தார்கள், பிறகு புனேயில் நிபாதான் என்று உறுதி செய்தார்கள். அந்த நோய் பலருக்கு மருத்துவமனைக்குள்தான் தொற்றியது. பார்த்துக்கொண்ட நர்ஸும் தப்பவில்லை. கதவைக் காக்கத் தெரிந்த ஆள் நம் ஊருக்குத்தான் அதிகம் தேவை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால், நீ மட்டும் போகலாமா என்பாள்.

டெம்போவுக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்தாகிவிட்டதா? மூக்குத்தி பத்திரமாக இருக்கிறது. துளை தூர்ந்துவிடக் கூடாதென்று சனி, ஞாயிறுகளில் போட்டுக்கொள்கிறேன். வீடியோவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழைப்பது அதற்குத்தான்.

அன்புடன்,
உங்கள் மகள்
பூங்கொடி