ரத்தம் நார்மல்தான், மாத்திரையை விடாதே

சுங்கை சிப்புட்

அன்புத் தம்பிக்கு,

மூன்றே மாதத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரியாகிவிட்டதே, ரத்தப் புற்றுக்குக் கொடுத்த இமாட்டினிப் மாத்திரை இன்னும் எதற்கு என்று கேட்டிருந்தாய். ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்யாதே ராசா, நோயின் வேர் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது.

உனக்கு வந்திருக்கும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று, ரத்த அணுக்களைப் பெற்றுத்தரும் தாயணுவான ஒரே ஒரு குருத்தணுவில் தொடங்குவது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றி ஒட்டிக்கொள்ள, பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற கூட்டு மரபணு உண்டாகிறது. அதன் புரதம் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் ஏவுகிறது. தாயணுவிலேயே கோளாறு என்பதால்தான் வெள்ளணு, சிவப்பணு, தட்டணு மூன்றின் வழியிலும் அந்தக் குரோமோசோம் தென்படும்.

நம் செம்பனையைப் பார். எத்தனை மட்டை வெட்டினாலும் நடுக்குருத்து இருக்கும்வரை புது மட்டை வந்துகொண்டே இருக்கும். கொம்பன் வண்டு குருத்தைக் குடைந்தால்தான் மரம் போகும். இமாட்டினிப் வெட்டுவது மட்டையைத்தான். பெருகும் அணுக்கள் அந்த ஏவலை நம்பி வாழ்பவை. மருந்து அந்த ஏவலை நிறுத்தியதும் சாகும். மஜ்ஜையில் உறங்கும் புற்றுக் குருத்தணு அதை நம்பி இல்லை, அதனால் தப்பிவிடுகிறது. நீ மருந்தை விட்டால் மறுபடி தளிர்க்கும்.

எல்லாப் புற்றுக்கும் இதே கணக்கு என்று எண்ணிவிடாதே. தோலில் வரும் மெலனோமாவில் ஏறக்குறைய நான்கில் ஓர் அணு எலியில் புதுக் கட்டி வளர்த்ததை 2008இல் கண்டார்கள். அங்கே 'குருத்தணு மட்டும்தான் புற்றை வளர்க்கும்' என்ற பேச்சே தடுமாறுகிறது. உன் நோயில் அது உறுதியாக நிற்கிறது.

400 மில்லிகிராம், தினமும் ஒரே நேரம், சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். வாந்தி வந்தால் அன்றைக்கு மறுபடி போடாதே. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதே. ஆனால் மறப்பது வழக்கமாகக் கூடாது. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் விட்டவர்களுக்கு மருந்தின் பலன் வெகுவாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். காலையில் கண்ணிமை வீங்கும், கெண்டைக்கால் பிடிக்கும். டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே. கிரேப்ஃப்ரூட் வேண்டாம், மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். அதே இனம் என்பதால் சீனப் பெருநாளுக்கு ஈப்போவிலிருந்து வரும் பொமெலோவையும் தள்ளிவை. நாட்டு மருந்து, மூலிகைச் சாறு எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே.

நீ பார்க்க வேண்டியது, ரத்தத்தில் அந்தக் கூட்டு மரபணு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர்-ஏபிஎல் சதவீதம். மூன்று மாதத்தில் 10க்குள், ஆறில் 1க்குள், ஒரு வருடத்தில் 0.1க்குள் வரவேண்டும். 0.01க்குக் கீழே இறங்கி, குறைந்தது இரண்டு வருடம் அங்கேயே நின்றால்தான் நிறுத்திப் பார்க்கும் பேச்சை டாக்டர் எடுப்பார். அதற்கே சில வருடச் சிகிச்சை ஆகியிருக்கும். அப்படி நிறுத்தியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால்தான் அப்போது மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள்; மருந்தை மறுபடி தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது.

அடுத்த ரிசல்ட் வந்ததும் 'நார்மல்' என்று மட்டும் வாட்சப்பில் போடாதே. சதவீதம் தெரியும்படி தாளைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா