மணிக்கு 800 லிட்டர் என்று விற்ற கேனிஸ்டர் ஃபில்டர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி மூன்றாவது புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய இரண்டு மின்னஞ்சலுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. போனில் பதினோரு முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன். தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

நான் ஜனவரியில் வாங்கியது உங்கள் சாம்பல் நிறக் கேனிஸ்டர் ஃபில்டர் (மீன் தொட்டித் தண்ணீரை மூடிய டப்பாவுக்குள் இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது), பெரியதற்கு முந்தைய சைஸ், மேலே பம்ப் பொத்தான் வைத்தது. எது என்று உங்களுக்கே தெரியும். விலை 6,400 ரூபாய். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் தொட்டி மூன்றடி நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 160 லிட்டர் பிடிக்கும். அதில் இரண்டு ஒரண்டா கோல்டு ஃபிஷ். அவை நிறையத் தின்னும், நிறையக் கழியும். அதுவரை ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் இரண்டு போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மீன்கள் கையளவு வளர்ந்த பிறகு அது போதவில்லை.

கொளத்தூரில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர், கோல்டு ஃபிஷ் என்றால் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்து தடவையாவது ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்றார். தொட்டியின் மேலேயே வைக்கும் டாப் ஃபில்டரே போதும், கழுவுவதும் சுலபம் என்றும் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். நான் உங்கள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, தொட்டி அளவு, மீன் வகை எல்லாம் சொல்லிக் கேட்டேன். இந்த மாடலைச் சொன்னது உங்கள் ஆள்தான். பெட்டியிலும் மணிக்கு 800 லிட்டர் என்று போட்டிருந்தது. 160-ஐ ஐந்தால் பெருக்கினால் 800. கணக்கு சரியாக இருந்தது, நம்பி வாங்கினேன்.

கிண்டியில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில் கேனிஸ்டரை வைத்துக்கொண்டு, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கவுன்டரில் இருந்த இளைஞர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. பில்லில் கடை முத்திரை சரியாக விழவில்லை என்றார். மீன் செத்துப்போயிற்று தம்பி, கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டேன். "மீன்தானே சார், அம்பது ரூபாய்க்கு வேற வாங்கிக்கோங்க" என்றார். பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். அந்த மீனுக்கு லட்டு என்று பெயர் வைத்ததே அவள்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை வளர்த்தவள். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கு உங்கள் நிறுவனம் என்ன விலை போடும்?

சரி, என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். பிப்ரவரியில் எங்கள் தெருவில் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திய கரண்ட் 2 மணிக்கு வந்தது. மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது, ஆனால் தண்ணீரை இழுக்கவில்லை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. இரவு 7 மணிக்கு வீடு திரும்பியபோது கர்ரென்று சத்தம் மட்டும் கேட்டது. சென்னையில் விற்கிற பொருள் கரண்ட் போய் வந்தால் தானாகத் தண்ணீரை இழுக்க வேண்டாமா? பத்து மணி நேரம் மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் நகராமல் நின்றால், ஆக்சிஜன் இல்லாமல் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும் என்பது ஃபில்டர் விற்கும் உங்களுக்குத் தெரியாததா?

உடனே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். உள்ளே பாக்டீரியா தங்கும் ஸ்பான்ஜ், செராமிக் ரிங் எல்லாவற்றையும் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போடச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். எங்கள் குழாயில் வருவது குளோரின் போட்ட மெட்ரோ வாட்டர். மிச்சம் மீதி இருந்த பாக்டீரியாவும் அதில் போயிருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த பாக்டீரியாதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் விஷம். மூன்றாம் நாள் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய குழாய் பச்சையாக மாறியது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாதித் தண்ணீரை மாற்றினேன், பழைய ஸ்பான்ஜ் ஃபில்டரைத் திரும்பப் போட்டேன். நான்காம் நாள் காலை லட்டு அடியில் சாய்ந்து கிடந்தது.

அதன் பிறகுதான் உங்கள் கையேட்டை உட்கார்ந்து படித்தேன். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் லேசாக அலச வேண்டும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் அதைப் படிப்பதில்லையா?

அப்புறம் அந்த 800 லிட்டர். சந்தேகம் வந்து, கழுவிய மீடியாவோடு, அதாவது அந்த ஸ்பான்ஜ், ரிங்கோடு ஓடவிட்டு, வெளியே வரும் டியூபைப் பத்து லிட்டர் வாளியில் பிடித்து நேரம் பார்த்தேன். நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 300 லிட்டர். மூன்று முறை பிடித்தேன், ஐந்து பத்து விநாடிதான் முன்னே பின்னே. கேட்டதற்கு, 800 என்பது உள்ளே எதுவும் போடாமல் வெறும் மோட்டாருக்கான கணக்கு என்று உங்கள் மேற்பார்வையாளர் அம்மா சொன்னார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எதுவும் போடாமல் யார் ஃபில்டர் ஓட்டுவார்கள்? அந்த விவரத்தைப் பெட்டியில் போட்டிருந்தால் இதைவிடப் பெரியதை வாங்கியிருப்பேன், அல்லது கடைக்காரர் சொன்ன டாப் ஃபில்டரோடு நின்றிருப்பேன்.

இரண்டாம் முறையும் கிண்டிக்குப் போனேன். சனிக்கிழமை திறந்திருக்கும் என்று போனில் சொன்னதால் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. திரும்பி வரும்போது மூடியின் ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீர் ஒழுகி ஸ்கூட்டரெல்லாம் நனைந்தது. அந்த வளையமும் சரியில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் விலை, டெஸ்ட் கிட், பெட்ரோல், இரண்டு நாள் வேலை, ஐந்து வருடம் வளர்த்த உயிர் எல்லாம் சேர்த்தால் எனக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத நஷ்டம். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் உங்களிடம் நான் கேட்பது 6,400 ரூபாயை முழுதாகத் திருப்பித் தருவதும், அந்தக் கவுன்டர் இளைஞர் என் மகளுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிப்பதும், மீடியா போட்ட நிலையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைப் பெட்டியில் அச்சடிப்பதும்தான்.

பத்து நாள் பொறுத்திருப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முழு நஷ்டத்தையும் கேட்டு மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. வாளியில் தண்ணீர் பிடித்த வீடியோவும் போன் பேசிய தேதிகளும் என்னிடம் இருக்கின்றன. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை.

இன்னொரு மீன் உயிரோடு இருக்கிறது. அது இப்போது பழைய ஸ்பான்ஜ் ஃபில்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேனிஸ்டர் பால்கனியில் கிடக்கிறது. ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் முறை அதைத் தூக்கிக்கொண்டு நான் கிண்டிக்கு வரமாட்டேன்.

இணைப்பு: பில் நகல், பெட்டியின் புகைப்படம், கையேட்டின் பக்கம்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாடிக்கையாளர்