பாரன் தீவு புகைந்தால் பொதிகை வெடிக்காது

ஆசிரியருக்கு,

வணக்கம். அந்தமானில் பாரன் தீவு எரிமலை குமுறுகிறது என்று செய்தி வந்தாலே, ‘பொதிகை மலையும் பழைய எரிமலைதானாமே’, ‘நம் கடற்கரை ஊரான உவரிக்கு மறுபடி சுனாமி வருமாமே’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்கிறார்கள்.

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தள்ளிக் கிடக்கும் ஆளில்லாத் தீவு அது. குறுக்களவு 3 கி.மீ.தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது, கடலடியிலிருந்து 2 கி.மீ.க்கு மேல் எழும்பிய மலையின் நுனி மட்டுமே. பழைய மலை இடிந்து உள்வாங்கியதில் 2 கி.மீ. அகலப் பள்ளம் விழுந்து, அதன் நடுவில் புதுக் கூம்பு வளர்ந்திருக்கிறது. சுற்றுச்சுவர் மேற்கே உடைந்திருப்பதால், எரிமலைக் குழம்பு பெரும்பாலும் அந்த வாய் வழியாகத்தான் கடலில் இறங்குகிறது.

1787-ல் அது பொங்கியதே முதல் பதிவு. 1832-க்குப் பிறகு 150 ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991-ல் எழுந்தது. 1994-95-லும் குமுறியது. 2005 மே மாதம் தொடங்கி விட்டுவிட்டுத் தொடர்கிறது. 2004 நிலநடுக்கம்தான் தூண்டியது என்பவர்கள் உண்டு. 1991-ல் அது விழித்தபோது அப்படியொரு பெருநடுக்கம் முன்னால் வரவில்லையே!

அங்கே இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்கும் பூமியோட்டுப் பாளம், பக்கத்துத் தட்டுக்கு அடியில் கிழக்கே சொருகி இறங்குகிறது. ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட, தட்டின் தாதுக்களில் கட்டுண்டிருந்த நீர் பிரிந்து, மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அந்த உருகலே குழம்பாகிறது. நெல்லைக்கு அடியில் எந்தத் தட்டும் சொருகவில்லை. பொதிகையின் சார்னோகைட், நைஸ் என்ற கடும்பாறைகள் பூமியின் ஆழத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து இறுகி, மேலே உள்ளது தேய்ந்ததால் வெளிப்பட்டவை. எரிமலை கக்கியவை அல்ல.

2004 சுனாமிக்குக் காரணம், சுமத்ரா முதல் அந்தமான் வரை 1,200 கி.மீ.க்கு மேல் கடலடி பிளந்து நகர்ந்தது. பாரன் தீவின் வழக்கமான குமுறலுக்கு அந்த வலு கிடையாது. சுனாமி எச்சரிக்கை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை) மையத்திலிருந்து வரும். வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம்.

1998-ல் நெல்லை அருகே அபிஷேகப்பட்டியில் பாறை உருகி வந்ததாக எழுந்த பேச்சையும் இன்னும் சிலர் இழுக்கிறார்கள். மின்கம்பத்தில் இன்சுலேட்டர் பழுதாகி மின்சாரம் தரையில் இறங்கினால், கம்பத்தடி மண்ணே உருகிக் கறுப்புக் கண்ணாடிபோல் உறையும். கம்பத்தடியில் புகையோ கொதிப்போ தெரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆடுமாடுகளை விலக்கி, தள்ளி நின்று, மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். ஈரத் தரை என்றால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்.

வயலில் கிடைக்கும் ஓட்டை விழுந்த கறுப்புக் கல்லும் அப்படித்தான். உடைத்துப் பாருங்கள். உள்ளே துருவும் கரித்துண்டும் இருந்தால் அது இரும்பு உருக்கிய கசடு. எரிமலைக் கல் என்று வீசிவிட வேண்டாம். பழைய உலைக்களம் பக்கத்தில் இருக்கலாம். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

நிலவியல் ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை.