கடைசி றெயினுக்கு முன்னம் பூட்டின படலை

அன்புள்ள மச்சான் குணம்,

சுகம் தானே. இஞ்சை எல்லாரும் சுகம், மனிசியின்ரை முழங்கால் மட்டும் தன்ரை பாட்டில புறுபுறுக்குது. உன்ரை சித்திரை வருசக் கடிதத்துக்குப் பதில் இல்லை எண்டு பரமுவிட்டை முறைப்பாடு வைச்சனியாம். பரமுவிட்டையோ! மாம்பழக் காசை இண்டைக்கும் தராதவன் எனக்கு நீதவானோ?

இப்ப எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. நீ லண்டனில ஸ்ரேசன் படலையைப் பூட்டித் திறந்தே பென்சன் எடுத்தவன். இது உனக்குத்தான் விளங்கும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை இரவு, மருமகள் ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு ஸ்ரேசனுக்கு வந்திருக்கிறாள். கடைசி றெயின் 12.38க்கு. அவள் வரேக்கை 12.20. படலை பூட்டு. உள்ளுக்கை லைற் எரியுது, ஒரு பெடியன் நிலம் கூட்டுறான். தட்டினதுக்குக் கையை விரிச்சுக் காட்டிப்போட்டுத் திரும்பிட்டான். கொஞ்சத்தாலை கீழை றெயின் வந்து போற சத்தம் மேலை நிண்ட அவளுக்குக் கேட்டுதாம். மழை வேறை. ரெண்டு பஸ் மாறி வீட்டை வர விடியச்சாமம்.

அவள் போனில பிடிச்ச வீடியோவில அந்தப் பெடியன்ரை முகம் வடிவாத் தெரியுது. "ஃபேஸ்புக்கில போடுவம் அப்பா, ஆளைத் தூக்குவாங்கள்" எண்டு மகன் ஒரே துள்ளல். நான் விடேல்லை. 2010 இல ரொறன்ரோ மக்கோவன் ஸ்ரேசனில ரிக்கற் கூண்டுக்கை நித்திரையாயிருந்த மனிசன்ரை படம் ஊரெல்லாம் சுத்தினது ஞாபகம் இருக்கோ? என்ரை தம்பியும் சிரிச்சுச் சிரிச்சு அனுப்பினவன். அந்த மனிசன் இருதய வருத்தத்துக்கு மருந்து எடுத்தவர் எண்டது பிறகுதான் வெளியில வந்தது. அந்த வருசம் முடிய முன்னமே ஆளும் போய்ச் சேர்ந்திட்டார். படத்தை அனுப்பினவை ஒருத்தரும் இந்தச் சேதியை அப்பிடி அனுப்பேல்லை.

அதாலை எழுத்தில முறைப்பாடு குடுத்தன். பதிலும் வந்தது: "சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தகுந்த அறிவுரை வழங்கப்பட்டுள்ளது." மச்சான், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது இந்த வரிக்குத்தான். விசாரிச்சால், அந்தப் பெடியன் ஸ்ரேசன் ஆளே இல்லை. துப்பரவு ஒப்பந்தக்காரன்ரை ஆள், அவனிட்டைத் திறப்பே இல்லை. பூட்டினவர் இன்னொருத்தர், அண்டைக்கு இரவு ரெண்டு ஸ்ரேசனை அவர் ஒருத்தரே பாத்தவராம். இங்கை பூட்டிப்போட்டு மற்றதுக்கு ஓடியிருக்கிறார். அப்ப "சம்பந்தப்பட்ட ஊழியர்" ஆர்? அறிவுரை ஆருக்கு? ஒருத்தரை ரெண்டு ஸ்ரேசனுக்குப் போட்டு றோஸ்ரர் (ஆருக்கு எங்கை வேலை எண்ட பட்டியல்) எழுதினவருக்கு ஒரு அறிவுரையும் போயிருக்காது, எழுதி வைச்சுக்கொள்.

நீ ஈஸ்ற் ஹாமில தோசைக் கடையில இருந்து சொன்னதுதான் எனக்கு இப்ப திரும்பத் திரும்ப வருது. 1987 இல உங்கடை லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலக்கீழ் ஸ்ரேசனில பிடிச்ச நெருப்பில 31 பேர் செத்தது; வேலை செய்த ஆக்களுக்கு நெருப்புக்கு என்ன செய்யவேணும் எண்ட பயிற்சியே சரியா இல்லாமல் இருந்தது; அதுக்குப் பிறகு 1989 இல வந்த விதி. நிலத்துக்குக் கீழை இருக்கிற ஸ்ரேசனில குறிச்ச அளவு ஆள் இல்லாட்டில் திறந்து வைக்கேலாது. அப்ப ஆள் காணாமல் பூட்டுறது குற்றமில்லை, திறந்து வைச்சால்தான் குற்றம். வீட்டை வெள்ளண்ணப் போறதுக்காகப் பூட்டுறது வேறை கதை. ஆனால் மழைக்கை வெளியில நிக்கிறவளுக்கு ரெண்டு படலையும் ஒண்டுதான். ஏன் பூட்டினது, எத்தினை மணிக்கு, ஆற்றை சொல்லிலை எண்டு ஒரு கடதாசியாவது ஒட்டினால் என்ன, கை தேஞ்சு போகுமோ?

மகன் யப்பானைத் தூக்கிக்கொண்டு வாறான். 2017 நவம்பரில அங்கை சுக்குபா எக்ஸ்பிரஸ் எண்ட றெயின் ஒரு ஸ்ரேசனில இருந்து 20 செக்கன் முந்தி வெளிக்கிட்டிட்டுது. ஒரு பயணியும் முறையிடேல்லை, கொம்பனி தானாகவே பகிரங்கமா மன்னிப்புக் கேட்டது. "அதெல்லோ பொறுப்பு" எண்டுறான். சரி, நல்லதுதான். அதே யப்பானிலதான் 2005 ஏப்ரல் 25 அமகசாக்கி றெயின் விபத்தும் நடந்தது. றைவருக்கு 23 வயது. முந்தின ஸ்ரேசனில கொஞ்சம் தள்ளிப்போய் நிப்பாட்டினதாலை ஒண்டரை நிமிசம் பிந்திட்டான். பிந்தினவையை அந்தக் கொம்பனி "மறுபயிற்சி" எண்டு கூப்பிட்டு, நாள்க்கணக்கா அறிக்கை எழுத வைச்சு, பேசி அவமானப்படுத்துறது. அவன் ஏற்கெனவே அதுக்குப் போய் வந்தவன். 70 கிலோமீற்றரில திரும்பவேண்டிய வளைவுக்கு 116 இல வந்தான். அவனோடை சேத்து 107 பேர் செத்தது. இதைச் சொல்ல மகன் வாயை மூடினான். தாயின்ரை பிள்ளை, அது லேசில நடக்காது.

எனக்கு மேலாளர் ஆரும் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கவும் வேண்டாம், அடிமட்டத்தில நிக்கிறவனைப் பிடிச்சு ஆட்டவும் வேண்டாம். வியாழக்கிழமை பின்னேரம் பயணிகள் கூட்டம் ஒண்டு வைக்கினம். மூண்டு கேள்வியோடை போறன்: படலை பூட்டின நேரம் எந்தப் புத்தகத்தில பதிஞ்சிருக்கு, பூட்டச் சொல்லி ஆர் ஓம் எண்டது, அண்டைக்கு றோஸ்ரரில எத்தினை பேர். உங்கடை இடத்தில பூட்ட முன்னம் ஆருக்குப் போன் எடுப்பியள், பிளாற்போமில நிக்கிற ஆக்களை ஆர் பாக்கிறது, கடைசி றெயினுக்கு வாற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது, எல்லாத்தையும் விபரமா எழுதி அனுப்பு. போன் எடுக்காதை, நீ போனில கிரிக்கெற்றுக்குப் போயிடுவாய். உங்கடை ஆக்களைக் காட்டிக்குடுக்கிற வேலை எண்டும் யோசிக்காதை; அந்த ரெண்டு ஸ்ரேசன் மனிசனுக்கும் சேத்துத்தான் கேக்கிறன்.

மருமகள் இப்ப கெஞ்சி மண்டாடி அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுறாள். அந்த அரை மணித்தியாலச் சம்பளம் வெட்டு. அந்தக் கணக்கையும் கொண்டு போறன்.

புதன்கிழமைக்கு முன்னம் பதில் வேணும்.

உன்ரை,
சிவம்