ஆசிரியருக்கு: நாலாவதா வந்த அந்த சவுனா (நீராவிக் குளியல்) பாட்டு வெறும் ஜோக் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாட்டுக்கு ஒரு பாட்டுன்னு ஐரோப்பாவுல நடக்கிற யூரோவிஷன் பாட்டுப் போட்டியோட 2025 ஃபைனல் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தியப் படிச்சேன். இதுக்கெல்லாம் தமிழ் பேப்பர்ல கால் பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு மொதல்ல ஒரு தேங்க்ஸ் சொல்லிக்கிறேன். ஆனா துண்டு கட்டிட்டு ஆடினவங்க போட்டோவ நாலு காலம் அகலத்துக்குப் போட்டுட்டு, ஃபின்லாந்து குரூப்போட ஜோக் எடுபடலங்கிற மாதிரி ஒரு தலைப்பு வெச்சிருந்தீங்க பாருங்க, அதப் பாத்ததும் சுர்ருன்னு ஆயிடுச்சு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

மொதல்ல ஒரு திருத்தம். அந்த பாட்ட பாடின கே.ஏ.ஜே. குரூப்புல இருக்கிற மூணு பேரும் ஃபின்லாந்துக்காரங்கதான், கெவின், ஆக்ஸெல், யாக்கொப், இவங்க பேர இங்கிலீஷ்ல எழுதினா வர்ற மொத எழுத்த சேத்துதான் குரூப்புக்கே பேரு. ஆனா அவங்க பாடினது ஸ்வீடனுக்காக. ஃபின்லாந்து சார்பா போனது எரிகா விக்மான், அவங்க 11-வது இடம். ஒரு நாட்டுக்காரங்க இன்னொரு நாட்டுக்குப் பாடலாமான்னு யாராவது கேட்டா, தாராளமா பாடலாம், பாடறவங்க எந்த ஊருன்னு யூரோவிஷன் ரூல்ஸ் கேக்கிறதே இல்ல. 1988-ல சுவிட்சர்லாந்துக்கு கப் வாங்கிக் குடுத்த செலின் டியான் கனடாக்காரங்க, அந்த சுவிட்சர்லாந்துலதான், பாசல் ஊர்ல, மே 17 அன்னிக்கு இந்த ஃபைனலும் நடந்துச்சு.

இவங்க ஏன் ஸ்வீடன் பக்கம் போனாங்கன்னா அதுக்கு காரணம் பாஷைதான். ஃபின்லாந்துல நூத்துக்கு அஞ்சு பேரு மாதிரிதான் ஸ்வீடிஷ் பேசுறவங்க, அவங்கள்லயும் மேற்குக் கரையோரமா வொரோன்னு ஒரு சின்ன ஊரு, அந்த ஊருக்குன்னு ஒரு ஸ்வீடிஷ் வழக்கு இருக்கு, ஸ்டாக்ஹோம்காரங்களுக்கே அது காதுல ஒழுங்கா ஏறாதுன்னு சொல்றாங்க. 2009-லேர்ந்து இந்த மூணு பேரும் அந்த பேச்சுலயே காமெடிப் பாட்டு, மேடை மியூசிக்கல்னு பண்ணிட்டு இருந்தவங்க. அப்படிப்பட்டவங்க சவுனா பத்தி 'பாரா பாடா பாஸ்து'ன்னு ஒரு பாட்ட தூக்கிட்டு ஸ்வீடனோட செலக்‌ஷன் போட்டியான மெலோடிஃபெஸ்டிவாலனுக்கு போனாங்க. அங்க எதிர்ல நின்னது யாரு தெரியுமா, 2015-ல யூரோவிஷனே ஜெயிச்ச மோன்ஸ் செல்மெர்லோவ்! அவரு 157 பாயிண்ட், இவங்க 164. ஏழே பாயிண்ட் வித்தியாசத்துல ஒரு பழைய சாம்பியன ஓரங்கட்டிட்டு வந்தவங்கள போயி சும்மா சிரிப்பு காட்ட வந்தவங்கன்னு எழுதினா எப்படிங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயத்த உங்க செய்தி தொடவே இல்ல. 1965-ல ஸ்வீடன் தன் சொந்த பாஷைய விட்டுட்டு இங்கிலீஷ்ல பாடினாங்க, அதுல ஏற்பட்ட சலசலப்புலதான் 1966-லேர்ந்து அவங்கவங்க நாட்டு பாஷைலதான் பாடணும்னு ரூல் போட்டாங்க. 1973-ல அத எடுத்தாங்க, அடுத்த வருஷமே ஆபா குரூப் பிரைட்டன்ல இங்கிலீஷ்ல பாடி ஸ்வீடனுக்கு மொத வெற்றிய வாங்கிக் குடுத்தாங்க. மறுபடி 1977-ல ரூல் வந்துச்சு, 1998 வரைக்கும் இருந்துச்சு, அப்பக்கூட 1984-ல ஹெர்ரேஸ்னு மூணு அண்ணன் தம்பிங்க ஸ்வீடிஷ்லயே பாடி ஜெயிச்சிருக்காங்க. ஆனா ரூல எடுத்த அன்னிலேர்ந்து ஸ்வீடன் தன் பாஷைப் பக்கம் திரும்பியே பாக்கல, வருஷா வருஷம் பளபளன்னு பாலிஷ் போட்ட இங்கிலீஷ் பாப்தான், ஜெயிக்கவும் செஞ்சாங்க, அத குறை சொல்ல முடியாது. 1998-க்கு அப்புறம் 2025-லதான் ஸ்வீடன் சார்பா ஸ்வீடிஷ் பாட்டு அந்த மேடை ஏறுது, அதுவும் ஸ்டாக்ஹோம் ஸ்வீடிஷ் இல்ல, பக்கத்து நாட்டு கிராமத்து ஸ்வீடிஷ். இத விட்டுட்டு துண்ட பத்தி மட்டும் எழுதினா வருத்தமா இருக்காதா?

சரி, அந்த துண்டு விஷயத்துக்கே வரேன். மேடைல மரத்துல ஒரு சவுனா குடில், பாடற மூணு பேரும் கோட்டு சூட்டு போட்டுட்டு பக்கத்து ஊரு கல்யாணத்துக்குக் கிளம்பின மாமாங்க மாதிரி முகத்த சீரியஸா வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க, துண்டு கட்டினது கூட ஆடறவங்க. மேடைல மொத்தம் ஆறு பேருக்கு மேல இருக்கக்கூடாது, பாட்டு மூணு நிமிஷத்த தாண்டக்கூடாது, மெயின் குரல் லைவாதான் பாடணும், இந்த ரூலுக்குள்ள அகார்டியனையும் டான்ஸ் பீட்டையும் கலந்து, நடுவுல ஃபின்னிஷ்லயும் ரெண்டு வார்த்தைய போட்டு, பாஷை புரியாதவங்களையும் கூடவே ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண வெச்சு ஆட வெச்சாங்க. அந்த மூஞ்சில ஒரு சிரிப்பு வரணுமே, வராது, நீங்கதான் சிரிக்கணும். காமெடி பண்றவங்களுக்கு தெரியும் அது எவ்ளோ கஷ்டம்னு. அதோட சவுனா ஃபின்லாந்துக்காரங்களுக்கு ஏதோ லாட்ஜ் சமாச்சாரம் இல்ல, 55 லட்சம் சொச்சம் ஜனத்தொகைக்கு 30 லட்சம் சவுனா இருக்குங்கிறாங்க, 2020-ல யுனெஸ்கோவே அவங்க சவுனா பழக்கத்த பாரம்பரியப் பட்டியல்ல சேத்துருக்கு.

இப்ப எடுபடலங்கிறதுக்கு வரேன். யூரோவிஷன்ல ரெண்டு விதமா மார்க் வருது, ஒவ்வொரு நாட்டுலயும் மியூசிக் துறைக்காரங்க இருக்கிற ஒரு ஜூரி, அப்புறம் டிவி பாக்குற ஜனங்க போன்லயும் ஆப்லயும் போடுற ஓட்டு. கே.ஏ.ஜே.க்கு ஜூரி குடுத்தது 126, ஜனங்க குடுத்தது 195, மொத்தம் 321. கப் வாங்கின ஆஸ்திரியாவோட ஜேஜேக்கு மொத்தம் 436, அதுல ஜூரி 258, ஜனங்க 178. இன்னொரு தடவ பாருங்க, ஜனங்க ஓட்டுல நாலாவதா வந்தவங்களுக்கு 195, ஜெயிச்சவருக்கு 178! அப்ப யாருகிட்டங்க எடுபடல? ஜேஜே பாடினத நான் குறைச்சு சொல்லல, ஆப்பரா குரல்ல அவரு மேல ஏறும்போது எனக்கே புல்லரிச்சுது, ஜூரி அவருக்கு அள்ளிக் குடுத்தது நியாயம்தான். என் பிரச்சினை தலைப்பு மேலதான். ஜோக் பாட்டு தேறாதுன்னா மூணாவது வந்த எஸ்டோனியாவோட டாமி கேஷ் கிண்டல் இத்தாலியன்ல காபி பத்தி பாடினத என்ன சொல்லுவீங்க, அவருக்கு ஜனங்க மட்டும் 258 குடுத்துருக்காங்க.

எடுபடலங்கிற வார்த்தை யாருக்கு பொருந்தும்னா, பாவம், பிரிட்டன்லேர்ந்து வந்த ரிமெம்பர் மண்டே குரூப்புக்கு. மூணு பொண்ணுங்க, மூணு குரலும் ஒண்ணோட ஒண்ணு அவ்ளோ சுத்தமா சேருது, ஜூரி 88 பாயிண்ட் குடுத்தாங்க, ஜனங்ககிட்டேர்ந்து முட்டை, 19-வது இடம். போட்டி நடத்தின சுவிட்சர்லாந்துக்கு அதவிட கொடுமை, ஜூரி 214 குடுத்து ரெண்டாவது இடத்துல தூக்கி வெச்சாங்க, ஜனங்க பூஜ்யம். சும்மா இல்லீங்க, ஒரு நாட்டுல பத்து பாட்டுக்கு மட்டும்தான் பாயிண்ட், 11-வதா எத்தன ஆயிரம் பேரு ஓட்டு போட்டாலும் கணக்குல வராது. எல்லாருக்கும் ஓரளவு பிடிச்ச பாட்டுக்கு இந்த முறைல ஒண்ணுமே கிடைக்காம போகலாம், கொஞ்ச பேருக்கு உயிரா பிடிச்சிட்டா மேல போயிடும். ஜூரியும் பத்து பாட்டுக்குத்தான் பாயிண்ட் குடுக்கும், ஆனா அவங்க உக்காந்து எல்லா பாட்டையும் வரிசைப்படுத்துறாங்க.

இன்னொண்ணு, சொந்த நாட்டுக்கு ஓட்டு போட முடியாது. அதனால ஸ்வீடன்ல இருக்கிறவங்க இந்த பாட்டுக்கு ஓட்டு போட முடியல, ஆனா இவங்கள பெத்த ஃபின்லாந்துக்காரங்க போடலாம், தன் நாட்டு எரிகாவுக்குதான் அவங்களால போட முடியாது. இந்த கூத்த உங்க நிருபர் எழுதியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

பந்தயம் கட்டுறவங்க மாசக்கணக்கா ஸ்வீடன்தான் ஜெயிக்கும்னு சொல்லிட்டு இருந்தாங்க, அது நடக்கல, அதனால ஏமாத்தம்னு எழுதுனா கூட நான் ஒத்துக்குவேன். நானும் ஜெயிப்பாங்கன்னுதான் நெனச்சேன். 2023-லயும் இப்படித்தான், ஃபின்லாந்தோட கேரியா ஃபின்னிஷ்ல பாடி ஜனங்ககிட்ட 376 வாங்கினாரு, ஜூரி ஸ்வீடனோட லொரீன் பக்கம் சாஞ்சதால ரெண்டாவதா நின்னுட்டாரு. ஆனாலும் அவர அன்னிக்கு யாரும் எடுபடாதவர்னு சொல்லல.

2026 போட்டி ஆஸ்திரியாவுக்குன்னு ஆச்சு. இனி வர்ற போட்டிங்களுக்கும் செய்தி போடுவீங்கன்னு நம்புறேன். போடும்போது பாட்டு எந்த பாஷைன்னு ஒரு வார்த்தை, ஜூரி பாயிண்ட் எவ்ளோ, ஜனங்க பாயிண்ட் எவ்ளோன்னு தனித்தனியா ஒரு சின்ன கட்டம், இது போதும். இடம் பத்தலன்னா அந்த துண்டு போட்டோவ ரெண்டு காலமா குறைச்சுக்கலாம், நாங்க கோச்சுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் படிக்கிற வாசகர்